இரு தந்தையர், ஒரு மேடை: ‘அர்ப்பண்’ ஓர் அலசல்

பீட்டில்ஸ் ராக் குழுவின் கித்தார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் மறைந்து சரியாக ஓராண்டு நிறைந்த 2002 நவம்பர் 29 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ‘கான்சர்ட் ஃபார் ஜார்ஜ்’ அஞ்சலி நிகழ்ச்சியின் உச்சம், 21 வயது அனுஷ்கா சங்கர் தம் தந்தையும் சிதார் மேதையுமான ரவிசங்கர் இயற்றிய ‘அர்ப்பண்’ என்னும் படைப்பை 20 நிமிடங்களுக்கும் மேலாக நெறிப்படுத்தி நடத்திய பகுதியே ஆகும்.

இந்த மேடையின் முன்கதை சைக்கெடெலிக் ராக்கில் தொடங்குகிறது. அது, மயக்க நிலையின் அனுபவத்தை ஒலியால் உண்டாக்க 1960களின் நடுப்பகுதியில் மேற்கத்திய இளைஞர்கள் முயன்ற இசைவகை. கித்தாரின் நாதத்தை மின்கருவியால் திரிப்பதும், பதிவு நாடாவைப் பின்னோக்கி ஓட்டுவதும், ஒரே சுருதியில் நெடுநேரம் நிற்பதும் அதன் உத்திகள். இவற்றுள் கடைசி உத்தி நம் கச்சேரி ரசிகருக்குப் புதிதன்று. 1966-இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலின் அடியில் இடையறாது ஒலிப்பது தம்பூராவே. அதே ஆண்டில் ரவிசங்கரிடம் சிதார் பயிலத் தொடங்கிய ஹாரிசன், அவரைத் தந்தை நிலையில் வைத்தே போற்றினார். ரவிசங்கரோ 1967-இல் மான்டரே இசைவிழாவிலும் 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவிலும் ராக் ரசிகர்கள் முன் வாசித்தவராயினும், போதையோடு இசை கேட்பதை வெளிப்படையாகக் கண்டித்தவர். மயக்கத்தை விலக்கி ராகத்தின் ஒழுங்கை மட்டும் மாணவருக்கு அளித்த அந்தக் கண்டிப்பே, அடுத்த தலைமுறைக்குச் சென்ற உண்மையான சொத்து.

ஹாரிசன் தம் மகனுக்கு வைத்த ‘தானி’ என்ற பெயர், தைவதத்தையும் நிஷாதத்தையும் குறிக்கும் ‘த’, ‘நி’ ஆகிய சுரங்களிலிருந்து பிறந்தது. தந்தை முடிக்காமல் விட்டுச்சென்ற ‘பிரெயின்வாஷ்ட்’ இசைத்தொகுப்பை, இசைக்கலைஞர் ஜெஃப் லின்னுடன் சேர்ந்து நிறைவு செய்தவர் அந்த மகனே. தமிழ்த் தாய் சுகன்யாவின் மகளான அனுஷ்காவோ, ஹாரிசன் தயாரிப்பில் 1996-இல் சென்னையிலும் இங்கிலாந்திலும் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த ‘சான்ட்ஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பில், பதின்பருவத்திலேயே தந்தைக்கு உதவியாளராக இருந்து பழகியவர்.

அந்தப் பயிற்சி ‘அர்ப்பண்’ மேடையில் கண்கூடாகத் தெரிகிறது. ஒருபுறம் தரையில் அமர்ந்த இந்தியக் கலைஞர்கள், மறுபுறம் மேற்கத்திய வயலின் வரிசை. இரண்டையும் ஒரே தாளத்தில் பிணைத்து நிறுத்துவது நடுவில் நிற்கும் அனுஷ்காவின் கைகள். இடையில் ராக் கித்தார் கலைஞர் எரிக் கிளாப்டன் மின்னிணைப்பில்லாத கித்தாரில் தனியாக வாசிக்கும்போது, ராக் இசைக்கு உரிய ஆரவாரம் சிறிதும் இன்றி, அவரும் அந்த ஒழுங்குக்குள் அடங்கி நிற்கிறார். 1960களில் சிதாரை ஓர் அலங்காரமாகப் பாடலில் செருகிய ராக் இசை, இங்கே இந்திய அமைப்பொன்றினுள் விருந்தாளியாக அமர்கிறது. இதுவே அந்த இரவின் பெரிய சாதனை.

இந்த மாற்றத்தை அடுத்த தலைமுறையும் காதால் உணர ஒரு வழி உண்டு. பிரான்சில் 1982-இல் பிறந்து புதுச்சேரித் தெருக்களிலும் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் ‘ஃபெத் தெ லா மியூசிக்’ இசைவிழாவுக்குப் பிள்ளைகளோடு செல்லும் பெற்றோர், அதற்கு முந்தைய மாலையில் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலை முதலிலும் ‘அர்ப்பண்’ பதிவை அடுத்தும் வீட்டில் ஒன்றாக அமர்ந்து முழுமையாகக் கேட்க வேண்டும். தம்பூரா எங்கே ஒலிக்கிறது என்பதைப் பிள்ளைகளே முதலில் கண்டுபிடிக்கட்டும்.