தெளிந்த சாறும் மெய்யான சுவையும்

உணவைப் பற்றித் திறனாய்வா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கவிதைக்கு உரைகல் உண்டென்றால், அடுப்பில் ஆக்கி இறக்கும் உணவுக்கு மட்டும் அது இல்லாமற் போகுமா? ஒரு சமுதாயம் என்ன உண்கிறது, அதை எவ்வளவு நேர்மையாகச் சமைக்கிறது என்பதில் அதன் வரலாறும் பண்பும் தெரியும். ஆகவே ஒரு கிண்ண உணவையும் நூலைப் படிப்பது போலவே நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

நாம் படித்த கிண்ணம், தென்சீனப் பெருநகராகிய குவாங்சோவில் கிடைத்தது. நம்மவர் பலர் சரக்கெடுக்கச் சென்றுவரும் வணிக நகரம் அது. 1350-இல் மீண்டும் கட்டப்பெற்ற ஹுவாய்ஷெங் பள்ளிவாசலும் அதன் உயர்ந்த மினாராவும் அங்கே நிமிர்ந்து நிற்கின்றன. ஆயினும் அந்நகரின் பொதுச் சமையலில் பன்றி இறைச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆதலால் ஹலால் உணவை நாடுவோரின் கண்கள் 'லான்சோ' என்று எழுதிய பலகையைத் தேடுகின்றன. அத்தகைய சிறு கடையொன்றில் ஒரு நண்பகல் நாம் அமர்ந்தோம்.

லான்சோ, வடமேற்கே மஞ்சள் ஆற்றங்கரையில் அமைந்த கான்சு மாநிலத்தின் தலைநகர். 1915-இல் மா பாவ்ஸி என்னும் ஹுய் முஸ்லிம் அங்கே மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கத் தொடங்கினார் என்பது அவ்வூரார் வழங்கும் வரலாறு. அதற்கு அவர்கள் ஐந்து இலக்கணம் வகுத்துள்ளனர். சாறு தெளிந்திருக்க வேண்டும். முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, கொத்துமல்லியும் பூண்டுத்தாளும் பச்சையாக, மாவிழை மஞ்சளாக இருக்க வேண்டும். முதல் இலக்கணமாகிய தெளிவைக் குறிக்கும் சீனச் சொல் 'சிங்'. ஹலால் உணவுக்குச் சீன முஸ்லிம்கள் வழங்கும் பெயரோ 'சிங்ஜென்'. தூய்மையும் மெய்ம்மையும் இணைந்த சொல் அது. இரண்டிலும் வருவது அதே 'சிங்' என்னும் எழுத்துத்தான்! இந்த உணவை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டுமா?

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுவோம். கடை வாயிலிலேயே ஓர் இளைஞர் மாவை இழுத்துக்கொண்டிருந்தார். நம்மூர்ப் பரோட்டாக் கடையில் மாவு வீசுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அது புதுமையே. ஒரு திரளை இழுப்பார், இரண்டாக மடிப்பார், மீண்டும் இழுப்பார். ஏழு மடிப்பில் ஒன்று 128 இழையாகிவிடுகிறது! மயிரிழை போன்ற நுண்மை முதல் பட்டை நாடா போன்ற அகலம் வரை, கேட்ட அளவில் இழை வருகிறது. நமக்கு வந்த இழை வழவழப்பும் உறுதியும் கூடி, பல்லுக்கு இதமாக இருந்தது. கைத்திறனில் குறை சொல்ல இடமே இல்லை.

குறை சாற்றில் இருந்தது. மாட்டெலும்பும் இறைச்சியும் இஞ்சி, மிளகு, கறுவாவோடு மணிக்கணக்கில் கொதித்து, நுரை நீக்கப்பெற்று, அடி தெரியத் தெளிய வேண்டிய சாறு அது. நம் கிண்ணத்திலும் அடி தெரிந்தது. ஆனால் நாவில் எஞ்சியது உப்பும் மசாலாப் பொடியும்தான். எலும்பின் ஊட்டம் அதில் இறங்கியிருக்கவில்லை. வெறுந்தண்ணீரும் தெளிவாகத்தானே இருக்கிறது! தெளிவு இருந்தது, மெய் இல்லை.

கடைக்காரரிடம் சொந்த ஊரைக் கேட்டோம். லான்சோ அன்று, சிங்ஹாய் மாநிலத்து ஹுவாலோங் என்றார். இதில் வியப்பில்லை. ஏழ்மை மிக்க அந்த மலைநாட்டு முஸ்லிம்கள் 1980களின் இறுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெருநகரங்களுக்குச் சென்று, புகழ்பெற்ற லான்சோவின் பெயரில் கடை வைத்தனர். லான்சோவாசிகளோ, "இது எங்கள் உணவே அன்று" என்று ஒதுக்குகின்றனர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஆம்பூரைக் காணாதவர் 'ஆம்பூர் பிரியாணி' என்று பலகை மாட்டினால், நாம் பிறந்த ஊரைக் கேட்டா தீர்ப்பளிக்கிறோம்? அண்டாவைத் திறந்து பார்த்தல்லவா சொல்கிறோம்! பிழைக்க வந்தவன் பெயரை ஏற்றது குற்றமன்று. ஆனால் ஏற்ற பெயர் ஓர் அமானிதம். அதைச் சாற்றில் காப்பாற்றியாக வேண்டும்.

"விலை கட்டாது" என்பர் சிலர். இது ஏழை எளியவர் பசியாறும் உணவு என்பது உண்மையே. 2007-இல் விலை ஏறியபோது லான்சோ நிர்வாகம் பெரிய கிண்ணத்துக்கு 2.5 யுவான் என்று உச்சவரம்பே விதித்தது. எளிய விலைக்கு இறைச்சித் துண்டு மெலியலாம், அதை மன்னிக்கலாம். ஆனால் இந்த உணவின் உயிரே சாறுதான். உயிரைக் குறைத்துவிட்டு உடலை விற்பது எப்படித் தகும்?

இதை வலியுறுத்த மற்றொரு காரணமும் உண்டு. 2019-இல் பெய்ஜிங்கில் ஹலால் உணவகங்களின் பலகைகளிலிருந்து அரபு எழுத்துகளையும் இஸ்லாமியச் சின்னங்களையும் அகற்றுமாறு அதிகாரிகள் பணித்தனர். பலகையிலுள்ள எழுத்தை அழிக்க ஓர் ஆணை போதும். கிண்ணத்தில் உள்ள நேர்மையை எந்த ஆணையாலும் அழிக்க இயலாது. சமைப்பவர் கைவிட்டால்தான் அது அழியும். பலகை மௌனமாகும் காலத்தில் சாறுதான் சாட்சி சொல்ல வேண்டும்.

அந்த இளைஞரின் கைகளில் அச்சாட்சிக்குரிய திறன் இருக்கிறது. அடுப்பங்கரையிலும் அதே அக்கறை குடிபுகுமானால், 'லான்சோ' என்ற பெயர் அவருக்கும் உரியதே. அடுத்த முறை அவ்வழியே செல்ல நேர்ந்தால், அக்கடையைத் தேடிச் சென்று மீண்டும் உண்ணவே விரும்புகிறோம். அன்று முதலில் சாற்றைத்தான் அருந்துவோம்.