கிறீனாரின் மாணாக்கரும் ஆசிரியர் சொல்லாற்றலும்

மருத்துவம் பயிலும் மாணாக்கர் தம் ஆசிரியரின் சொல்லாற்றலை மதிப்பிடுங்கால் குரலின் தெளிவு, பாடத்தை முறைப்படுத்தும் திறன், வினாவுக்கு விடையிறுக்கும் பொறுமை ஆகியவற்றையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கின்றனர். இவை வேண்டுவனவே. ஆயினும் மருத்துவ ஆசிரியரின் சொல் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. மாணாக்கர் வாய்வழி நோயாளியையும் சென்றடைதல் வேண்டும். அந்நோயாளிக்கு இம்மதிப்பீட்டில் இடமே இல்லை. இக்குறை எத்தன்மைத்து என்பதை யாழ்ப்பாணத்து வரலாறு ஒன்று விளக்கும்.

அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1860-களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலவழிப் பயின்றோர் அரசுப் பணியை நாடி அயலிடம் செல்வர்; தமிழ்வழிப் பயின்றோரோ தம் ஊர்களிலேயே தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவர் கருத்து. மாணாக்கர் அனைவரும் இம்மாற்றத்தை உவந்து ஏற்றிலர். ஆங்கிலமே உத்தியோகத்திற்கு வாயிலாக இருந்த காலம் அது; அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. அன்று அவர்கள் கையில் மதிப்பீட்டுத்தாள் ஒன்று தரப்பட்டிருப்பின் கிறீனார்க்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்திருக்கக் கூடும்.

அவர்தம் தமிழும் குறையற்றதன்று. 'இரணவைத்தியம்' (1867) என்னும் பெயர் கேட்டவுடன் விளங்குகிறது. 'கெமிஸ்தம்' (1875) ஒலிபெயர்ப்பேயாயினும் தமிழ் ஈறு பெற்று நாவிற்கு எளிதாகிறது. கால்வின் கட்டரின் நூலுக்கு 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனப் பெயரிட்டமையோ ஒப்பத்தக்கதன்று. ஆங்கிலப் பெயரைக் கேட்டு மருளும் மாணாக்கன் இதனைக் கேட்டும் மருள்வான். தமிழ்ச் சொல் கிட்டாதவிடத்து வடசொல், அதுவும் இயையாவிடத்து ஆங்கிலம் என்பது அவர் கொண்ட நெறி. நெறி நன்று, வடசொல்லிடம் அவர் சற்று விரைந்தே சென்றுவிட்டார் எனலாம். ஆயினும் மாணாக்கர் சிலரையே மொழிபெயர்ப்பிற் பங்குகொள்ளச் செய்தார். ஆசிரியர் கூற்று விளங்கிற்றா என்பது, மாணாக்கர் அதனைத் தம் மொழியில் மீளக் கூறுங்காலன்றோ புலனாகும்? எத்துணை வினாத்தாளும் இதற்கு ஈடாகாது.

மானிப்பாயில் தமிழ் ஒன்றே போதுமானதாயிற்று. வேப்பனப்பள்ளி போன்ற எல்லைப்புறத்தில் சிக்கல் மேலும் முறுகும். கருநாடகமும் ஆந்திரமும் அணுகி நிற்கும் இப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. கிருஷ்ணகிரியில் 2022-இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியிற் பாடமொழி ஆங்கிலம். 2019-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மருத்துவப் பாடத்திட்டம் நோயாளியோடு உரையாடும் திறனையும் பயிற்சிக்குரியதாக்கிற்று, பாராட்டற்பாலது. எனினும் எம்மொழியில் உரையாடுவது? தமிழர் 'வயிற்றெரிச்சல்' என்பர். தெலுங்கர் 'கடுபுமண்ட' என்பர். கன்னடர் 'ஹொட்டெயுரி' என்பர். வியப்பு யாதெனின், மூன்று சொற்களும் வயிற்றின் எரிவையும் குறிக்கும், பொறாமையால் மனம் வேதலையும் குறிக்கும். இரைப்பை அழற்சியைப் பிழையற்ற ஆங்கிலத்தில் விரித்துரைக்கும் ஆசிரியர் மாணாக்கரிடம் முழு மதிப்பெண் பெறுவார். எரிவு வயிற்றிலா மனத்திலா என்று கிழவியொருத்தியிடம் நயமாகக் கேட்டறியும் முறையைக் காட்டிய ஆசிரியர்க்கு மதிப்பெண் இடுதற்கு அத்தாளிற் கட்டமே இராது.

ஆகவே அத்தகைய ஆய்வு செய்வோர் தம் வினாநிரலில், 'இவ்வாசிரியர் நோயாளியிடம் அவர்தம் மொழியிற் பேசக் கேட்டதுண்டா?' என்னும் வினாவையும் சேர்த்தல் வேண்டும்.