வாசகப் பட்டியலும் அது தாண்டிப்போகும் வரிகளும்

ஞாயிறு திருப்பலியில் விவிலியத்தின் எந்தப் பகுதியை வாசிப்பது என்று பங்குத்தந்தை முடிவு செய்வதில்லை. வாசக நூல் அதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி கிறிஸ்து அரசர் பெருவிழா முடிய, எந்த நாளுக்கு எந்த வாசகம் என்று அது வகுத்து வைத்திருக்கிறது. மதுரையில் ஒரு ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதியே அன்று மணிலாவிலும் வாசிக்கப்படுகிறது. இந்த ஒழுங்கு கத்தோலிக்க வழிபாட்டின் பெரும் செல்வங்களில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். அதே ஒழுங்கு சில வரிகளை நம் காதுக்கு எட்டாமல் வைத்திருக்கிறது என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், ஞாயிறு கூட்டத்தில் திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளும் இறைவாக்கினரின் எழுத்துகளும் நேரம் அனுமதிக்கும் வரை வாசிக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். அப்போது பட்டியல் இறுகியிருக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் பயணம் போன எகேரியா என்ற பெண், அங்கே நாளுக்கும் இடத்துக்கும் பொருந்த வாசகங்கள் தேர்ந்தெடுக்கப்படுவதைக் கண்டு வியந்து குறித்தார். பிறகு பட்டியல்கள் இறுகின. 1570இல் வெளியான ரோமைத் திருப்பலி நூலின் ஓராண்டுச் சுற்று ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் நின்றது. ஒரு திருமுகப் பகுதி, ஒரு நற்செய்திப் பகுதி, ஆண்டுதோறும் அவையே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏடு, விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கக் கேட்டது. 1969இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்துக்கும் பாஸ்கா காலத்துக்கும் உரியவர். வசனங்களை எண்ணிப் பார்த்தவர்களின் கணக்குப்படி, திருப்பாடல்கள் நீங்கலாகப் பழைய ஏற்பாட்டில் முன்பு ஏறத்தாழ 1 விழுக்காடுதான் திருப்பலியில் ஒலித்தது. இன்று ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு. வார நாள்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 13. புதிய ஏற்பாட்டில் 17 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது, ஞாயிறுகளில் மட்டும் 41 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. வார நாள்களோடு 70ஐத் தாண்டியது. இந்தப் புதிய ஒழுங்கை வகுத்த அறிஞர் குழு செய்த வேலை அளப்பரியது.

ஆனால் பட்டியலின் மேன்மையை அளவில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அது போதகரின் கையைக் கட்டுகிறது. அதுவே அதன் முதல் நன்மை. தன் விருப்பப்படி வசனம் எடுக்கும் போதகர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நாளடைவில் தனக்குப் பழகிய பத்துப் பதினைந்து பகுதிகளைச் சுற்றியே வருவார். பட்டியல் அவரை இறைவாக்கினர் ஆமோசிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. லூக்கா ஆண்டின் பொதுக்காலம் 25ஆம், 26ஆம் ஞாயிறுகளில், தராசில் கள்ளம் செய்து ஏழையை விலைக்கு வாங்கும் வணிகரையும் தந்தக் கட்டிலில் சாய்ந்து கிடக்கும் செல்வரையும் ஆமோஸ் சாடுகிறார். ஊரின் பெரிய கடைக்காரர் ஆலயத் திருப்பணிக்கு நன்கொடை தந்த அதே மாதத்தில் அந்த வாசகம் வரலாம். போதகர் அதைத் தேடி எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அவரால் அச்சமின்றிப் பேச முடிகிறது.

பட்டியலில் ஒரு பகுதி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மண்ணிலிருந்தே இன்னொரு சான்று தரலாம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் சாதிவாரியாக மக்கள் தனித்தனியே அமர நடுவே சுவர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அகற்றப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் கந்தல் உடுத்தி வருபவருக்குக் காலடியும் காட்டுவதைக் கண்டிக்கிற பகுதி யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தச் சுவர் நின்ற காலத்து ஞாயிறு வாசகங்களில் அது இடம்பெறவே இல்லை. யாக்கோபிலிருந்து பாஸ்காவுக்குப் பிந்தைய இரண்டு ஞாயிறுகளில் வந்தவை முதல் அதிகாரப் பகுதிகள், அவையும் இலத்தீனில். இருக்கைப் பாகுபாடு பற்றிய பகுதி 1969க்குப் பிறகே மாற்கு ஆண்டின் 23ஆம் ஞாயிறுக்கு வந்தது. ஒரு பட்டியலில் ஒரு பகுதி இருப்பதும் இல்லாமலிருப்பதும் வெறும் நூலக விவகாரம் அல்ல. தலைமுறை தலைமுறையாக மக்கள் எதைக் கேட்டு வளர்கிறார்கள் என்பது அது.

வந்த பிறகும் யாக்கோபு கேட்கப்படுகிறாரா என்றால், பெரும்பாலும் இல்லை. பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்திக்கு ஒத்ததாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டாம் வாசகமோ திருமுகங்களைத் தொடர்ச்சியாகக் கடந்து செல்லும் தனிப் பாதை. அந்த 23ஆம் ஞாயிறில் நற்செய்தி, காது கேளாதவரை இயேசு குணமாக்கும் நிகழ்வு. முதல் வாசகம் அதற்கு இசைந்த எசாயா 35. மறையுரை இயல்பாகவே அவ்விரண்டையும் பற்றிக்கொள்கிறது. இடையில் வாசிக்கப்பட்ட யாக்கோபு, வாசகர் மேடையை விட்டு இறங்கும்போதே மறக்கப்படுகிறார். மூன்றையும் ஒரே கருத்தில் இணைத்தே ஆக வேண்டும் என்று முயலும் போதகர்கள் இன்னும் மோசமான சிக்கலில் மாட்டுகிறார்கள்; இல்லாத தொடர்பை உண்டாக்குவதில் இரண்டாம் வாசகத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது. அச்சில் கிடைக்கும் மறையுரைக் குறிப்புகள் இந்தப் பழக்கத்தை வளர்த்திருக்கின்றன. மூன்று வாசகங்களுக்கும் ஒரு தலைப்பு, மூன்று கருத்து, ஒரு கதை என்று அவை தரும் சட்டகத்தில் யாக்கோபின் கோபத்துக்கு இடமில்லை.

முதல் வாசகத்தின் நிலையும் முழு நிறைவானதல்ல. நற்செய்திக்குத் துணையாகவே தேர்ந்தெடுக்கப்படுவதால் பழைய ஏற்பாடு தனக்கென ஒரு குரல் இல்லாமல், முன்னறிவிப்புகளின் தொகுப்பாகக் காதில் விழுகிறது. தாவீதின் எழுச்சியும் வீழ்ச்சியும் தொடர்கதையாக ஞாயிறில் ஒலிப்பதில்லை. நீதித் தலைவர்கள், ரூத்து, எஸ்தர் நூல்கள் ஞாயிறுப் பட்டியலில் இல்லவே இல்லை. 1992இல் வெளியான திருத்திய பொது வாசக ஒழுங்கைப் பல சீர்திருத்தச் சபைகள் பின்பற்றுகின்றன. அது பெந்தெகொஸ்தே பெருவிழாவுக்குப் பிந்தைய மாதங்களில் இரண்டு வழிகளைத் தருகிறது: ஒன்று நற்செய்தியோடு இணைவது, மற்றது பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்து வாசிப்பது. அந்த இரண்டாவது வழியில் ஆகாரும் ரூத்தும் ஞாயிறு மக்களைச் சந்திக்கிறார்கள். கத்தோலிக்க ஒழுங்கு இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். 1519 சனவரி 1 அன்று சூரிக் நகரில் சீர்திருத்தவாதி சுவிங்லி பட்டியலை ஒதுக்கிவிட்டு மத்தேயு நற்செய்தியை முதல் வரியிலிருந்து தொடர்ந்து போதிக்கத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த பசி நியாயமானது. துண்டுகளாகவே கேட்கும் மக்கள் ஒரு நூலை நூலாக அறிவதில்லை.

எனக்கு மிகவும் வலிக்கும் குறை, ஒரே வாசகத்துக்குள் நடக்கும் வெட்டு. ஒற்றைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 15ஆம் வாரத் திங்களன்று விடுதலைப் பயணத்தின் முதல் அதிகாரம் வருகிறது. 8 முதல் 14 வரையுள்ள வசனங்கள், பிறகு நேராக 22. நடுவில் விடப்பட்டவை, பார்வோனின் ஆணையை மீறி எபிரேயக் குழந்தைகளைப் பிழைக்கவிட்ட சிப்ரா, பூவா என்ற மருத்துவச்சிகளின் வரலாறு. அரச ஆணைக்கு மேலாகக் கடவுளுக்கு அஞ்சியவர்கள் என்று விவிலியம் பெயர் சொல்லிப் போற்றும் இரு பெண்கள் அந்தக் கத்திரியில் விழுந்துவிட்டார்கள். உரோமையர் 16ஆம் அதிகாரத்தை வாசிக்கும் நாளில் வாசகம் மூன்றாம் வசனத்தில் தொடங்குகிறது; முதல் இரண்டில் பவுல் பரிந்துரைக்கும் பெபா வெளியே நிற்கிறார். மத்தேயு ஆண்டின் குருத்து ஞாயிறுக்கான பாடுகளின் வரலாறு 26:14இல் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்புதான் பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலைமேல் நறுமணத் தைலம் ஊற்றுகிறார். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் அவர் செய்ததும் சொல்லப்படும் என்று இயேசு உறுதி தருகிறார். உயிர்ப்பு ஞாயிறன்று யோவான் 20 ஒன்பதாம் வசனத்தோடு நின்றுவிடுவதால், உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா சந்திப்பது செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. ஞாயிறு மட்டும் ஆலயம் வருவோர் அதைக் கேட்பதே இல்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் நீளம், எளிமை என்று ஏதோ ஒரு காரணம் சொல்ல முடியும். சேர்த்துப் பார்த்தால் பெண்களின் துணிவே திரும்பத் திரும்ப உதிர்ந்திருக்கிறது.

இந்த வெட்டுகளின் தீமை, அவை யாருக்கும் தெரியாமலே நடப்பதில் இருக்கிறது. வாசகர் நூலின் பெயரை மட்டுமே அறிவிக்கிறார். வசன எண்களைச் சொல்வதில்லை. விடுபட்ட இடத்தைக் காட்ட அச்சில் வசன எண்களுக்கு நடுவே இருக்கும் காற்புள்ளி காதுக்குத் தெரியாது. விவிலியத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று நம்பி மக்கள் இறைவனுக்கு நன்றி சொல்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, திருக்குடும்ப விழா. அன்று காலை ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 உயிர்களைக் கொண்டுபோனது. கிறிஸ்து பிறப்பு நாள்களுக்காக வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகள் பலரும் கடற்கரையில் மாண்டார்கள். அந்த ஞாயிறுக்கென உலகெங்கும் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி மத்தேயு 2:13-15, 19-23. திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடுகிறது, பிறகு திரும்பி வருகிறது. நடுவில் விடப்பட்ட மூன்று வசனங்கள், ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றதையும் தன் பிள்ளைகளை இழந்த இராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுததையும் சொல்பவை. குடும்ப விழாவின் மகிழ்ச்சிக்கு அவை பொருந்தாது என்று கருதியிருப்பார்கள் போலும். இரண்டு நாள் கழித்து, செவ்வாயன்று, மாசில்லாக் குழந்தைகள் விழாவில் அவ்வசனங்கள் வந்தன. கரையெங்கும் தாய்மார் தம் பிள்ளைகளைத் தேடி அலைந்துகொண்டிருந்த நாள் அது. யாரும் அன்றைக்கென்று அந்த வாசகத்தைத் தேடி எடுக்கவில்லை. ஆறுதல் சொல்லும் அவசரம் எதுவுமின்றி, ஆறுதலை மறுக்கும் ஒரு தாயின் அழுகைக்கு நற்செய்தியில் இடம் உண்டு என்று பட்டியலே அறிவித்தது. துயரத்தில் தடுமாறும் எந்தப் போதகரும் தன் மனத்திலிருந்து அதைவிடச் சரியான பகுதியை எடுத்திருக்க மாட்டார். பட்டியலின் பலமும் அதன் கோழைத்தனமும் மூன்று நாள்களுக்குள் அருகருகே தெரிந்த வாரம் அது.

2025இல் டிசம்பர் 28ஆம் நாளே ஞாயிறாக அமைந்தது. திருக்குடும்ப விழா வந்து மாசில்லாக் குழந்தைகள் விழாவை மறைத்தது. நற்செய்தி மறுபடியும் 15லிருந்து 19க்குத் தாவியது. குழந்தைகளின் சாவை நினைவுகூர வேண்டிய அதே தேதியில், அவர்களின் சாவைச் சுற்றிக்கொண்டு திருச்சபை வாசித்தது. அந்த ஆண்டு இராகேல் எந்த நாளிலும் அழவில்லை.

இதற்காகப் பட்டியலைத் தூக்கி எறியச் சொல்வது, போதகரின் விருப்பத்துக்கு மக்களைத் திரும்ப ஒப்படைப்பதாகும்; அதை நான் ஏற்க மாட்டேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே பகுதி திரும்பி வருவதில் ஓர் அருள் இருக்கிறது. மாற்கு ஆண்டின் பொதுக்காலத்தில் ஐந்து ஞாயிறுகள் தொடர்ந்து யோவான் 6 வரும்போது, அப்பம் பற்றிப் பேச இனி என்ன இருக்கிறது என்று போதகர்கள் திணறுகிறார்கள். அந்தத் திணறல் நல்லது. சென்ற சுற்றில் வேலையோடு இருந்தவர் இந்தச் சுற்றில் வேலையிழந்து அதே அப்பத்தைப் பற்றிக் கேட்கிறார். வாரந்தோறும் வாசகங்களைச் சிந்தித்து எழுதுவோரும் அன்பியக் கூட்டங்களில் பகிர்வோரும் இந்தத் திரும்புதலால்தான் ஆழம் பெறுகிறார்கள்.

வேண்டியது இரண்டு. ஒன்று, உரோமையின் கையில் இருக்கிறது: வெட்டப்பட்ட வசனங்களைத் திருப்பிச் சேர்த்த ஒரு மறுபதிப்பு. மருத்துவச்சிகளுக்கு ஏழு வசனங்கள், பெபாவுக்கு இரண்டு, இராகேலுக்கு மூன்று. எந்தத் திருப்பலியும் இதனால் நீண்டுவிடாது. மற்றது நம் பங்குகளின் கையில் இருக்கிறது, அனுமதி எதற்கும் காத்திருக்க வேண்டாம். வாசக நூலில் காற்புள்ளி இருக்கும் ஒவ்வொரு ஞாயிறும், மறையுரையின் முதல் நிமிடத்தில், இங்கே இந்த வசனங்கள் விடப்பட்டுள்ளன, அவற்றில் இருப்பது இது என்று போதகர் சொல்லட்டும். ஞாயிறு வாசகத் தாளை அச்சிடும் பங்குகள் விடுபட்ட வசனங்களையும் கீழே சேர்த்து அச்சிடட்டும். மத்தேயு ஆண்டின் திருக்குடும்ப விழா அடுத்து 2028 டிசம்பர் 31 ஞாயிறன்று வருகிறது. அந்த மறையுரையை எழுதப்போகிறவர்கள், 15ஆம் வசனத்துக்கும் 19ஆம் வசனத்துக்கும் நடுவில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம்.