தலைப்பிரசவம் எந்த ஊர்க் கணக்கு?

வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்ட பெண் தலைப்பிரசவத்துக்குப் புளியங்குடிக்கோ சங்கரன்கோவிலுக்கோ தாய்வீடு போகிறாள். பிறந்த இடமே பதிவுக்குரிய இடம் என்பது சட்டம். ஆக, மூத்த பிள்ளை ஓர் ஊர்ப் பதிவேட்டில், இளையவர்கள் வேறோர் ஊர்ப் பதிவேட்டில். பழைய ஏடுகளைக் கொண்டு மக்கள்தொகை வரலாறு எழுதப் புறப்படுகிறவர் நம் பக்கத்தில் இடறும் முதல் கல் இதுதான்.

பிரெஞ்சு அறிஞர் லூயி ஆன்றி 1950களில் வகுத்த முறை எளிமையானது. தேவாலய ஏட்டிலுள்ள ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குடும்பவாரியாக இணைத்தால், எந்த வயதில் மணந்தார்கள், எவ்வளவு இடைவெளியில் பெற்றார்கள், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள் என்பது தெரியவரும். ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 ஆங்கிலப் பங்குகளின் ஏடுகளிலிருந்து மாதாந்தர எண்ணிக்கைகளைத் திரட்டி, 1541 முதல் 1871 வரையான இங்கிலாந்தின் மக்கள்தொகையை மதிப்பிட்டு 1981இல் நூலாக்கினார்கள். புள்ளியியலுக்காக அல்லாமல், பாதிரியார் தம் கடமைக்காக அன்றன்று எழுதிய வரி என்பதே இதன் பலம்.

நம்மிடமும் ஏடுகள் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1780இல் எழுதிய சபைப் பட்டியலில் நாற்பது பேர். ஆனால் ஆன்றியின் முறை, தலைமுறைகளைக் குடும்பப்பெயர் என்ற நூலில் கோக்கிறது. நமக்கோ தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. அது அடுத்த தலைமுறையில் மாறிவிடும். போதாததற்கு வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். முப்பது வயதில் மதம் மாறியவரைக் கவனிக்காமல் விட்டால், அந்த ஆண்டு 'பிறந்தவர்' ஆகிவிடுவார்! ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசுவுக்கோ ஒரு வரிகூட இல்லை.

இவற்றைவிடக் கிராம முன்சீபின் பிறப்பு இறப்புக் கணக்கையே நான் மேலாகச் சொல்வேன். சபைக்கு உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பேதம் அதில் கிடையாது. அதற்காக அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. யாரோ வந்து சொன்னால்தான் எழுதுவார். பெண்சிசுவின் சாவைச் சொல்ல யாருக்கு அவசரம்? காலனிக்கால ஏடுகளில் சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல் எத்தனையோ நோய்களை விழுங்கியிருக்கிறது.

1980இல் முன்சீப் பதவியே ஒழிந்தது. இப்போது எல்லாம் கணினி. பிரசவம் தென்காசி, திருநெல்வேலி ஆஸ்பத்திரிகளில். பிறப்புகள் அந்த ஊர்களின் பதிவில் குவிகின்றன. படிவத்தில் தாயின் வழக்கமான வசிப்பிடம் என்று ஒரு கட்டம் உண்டு. குழந்தையை ஊருக்குத் திருப்பித் தரக்கூடியது அந்தக் கட்டம் ஒன்றுதான். அதை நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா. அவர் சொல்வது தன் வீட்டு முகவரியை.