அக்னி நட்சத்திரத்தில் சோற்றை நிறுத்துகிறவர்கள்

மதுரையில் எடை குறைப்புக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமும் காலை நடைக் கூட்டம் பெருகும்போது, “இனிமே அரிசியே கிடையாது” என்று சபதம் எடுப்பவர்களும் பெருகுகிறார்கள். பலர் கைக்கொள்வது பேலியோ. நியாண்டர் செல்வனின் எழுத்தாலும் ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ குழுவாலும் தமிழ்நாடெங்கும் பரவிய முறை அது. ஒரு வேளைக்கு 100 பாதாம், ஒரு வேளைக்குக் காய்கறி, ஒரு வேளைக்குக் கறியோ மீனோ முட்டையோ; அரிசி, கோதுமை, சர்க்கரை, பெரும்பாலான பழங்கள் எல்லாம் தள்ளுபடி. இதனால் ரத்தச் சர்க்கரை இறங்கியவர்களும் இடுப்பு சுருங்கியவர்களும் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் இதைத் தொடங்கலாமா என்பது தனிக் கேள்வி.

எடை குறைந்தவருக்கு வெயில் தாங்கும் சக்தி கூடுவது உண்மை. நடக்கும்போது உடம்பு உண்டாக்கும் சூடு ஏறத்தாழ எடையைப் பொறுத்தது. 90 கிலோ ஆள் 75 கிலோவுக்கு வந்துவிட்டால், அதே தூரத்தை அதே வேகத்தில் நடக்கும்போது ஆறில் ஒரு பங்கு சூடு குறைகிறது. கொழுப்பு வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கவும் செய்கிறது. வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கையோ சிறுவயதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆள் பெருத்தால் சுரப்பி பெருகுவதில்லை. இருப்பவையே அகன்ற தோலில் தள்ளித் தள்ளி நிற்கின்றன. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் முதலில் தவித்து உட்காருவது பருத்த உடம்புக்காரராக இருப்பதில் வியப்பில்லை.

ஆக, இளைத்த பிறகு கிடைக்கும் லாபம் நிஜம். சிக்கல் இளைக்கத் தொடங்கும் முதல் சில வாரங்களில் இருக்கிறது.

மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த கிளைக்கோஜனைச் செலவழிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது, அதுவும் வெளியேறிவிடும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. முதல் வாரத்தில் எடைமேடை காட்டும் இரண்டு கிலோ குறைவைக் கொண்டாடுகிறோமே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். கத்திரி வெயிலில் தெருவில் இறங்குகிறவனுக்கு மிக அவசியமான தண்ணீரும் உப்பும் அதே வாரத்தில் போய்விடுகின்றன. தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, அசதி எல்லாம் வரும். ‘உடம்பு பழகுது’ என்று அதற்குச் சமாதானம் வேறு.

தட்டிலிருந்து வரும் தண்ணீரும் குறைகிறது. சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். கம்பங்கூழ் வண்டிக்காரர் செய்வதைப் பாருங்கள்: கூழ் உருண்டையை மோரில் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கூட வைத்துச் செம்பில் நீட்டுகிறார். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே செம்பில். 100 பாதாமில் இருக்கும் தண்ணீரோ இரண்டு ஸ்பூன்கூடத் தேறாது. விவரம் தெரிந்த பேலியோக்காரர்கள் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் சூப்பும் குடிக்கச் சொல்வது இதை ஈடுகட்டத்தான். வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலில் பாதாம் எண்ணிக்கை தப்பாமல் இருக்கும். அந்த உப்புதான் விட்டுப்போயிருக்கும்.

இதற்காக மூன்று வேளை அரிசி, ராத்திரி பரோட்டா என்ற நம்மூர் வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜிகர்தண்டா சூட்டைத் தணிக்கும் என்பதும் நாக்கோடு முடிகிற கதை. பாதாம் பிசினும் நன்னாரியும் இருந்தாலும், பாலும் ஐஸ்கிரீமும் சர்க்கரையும் சேர்ந்த அது இனிப்புப் பண்டம்தான்.

“டயட் ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு வேர்க்கிறதே இல்ல” என்று பெருமைப்படுகிறவர்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறார்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் உடம்பை விட்டு நீங்குகிறது. வெயிலில் நம்மைக் காப்பது அதுதான். பல மாதத்தில் இளைத்தவருக்குச் சூடே குறைவாக உண்டாவதால் வியர்வையும் குறையலாம். பத்தே நாளில் குறைந்தால் உடம்பு தண்ணீர் இல்லாமல் வறண்டிருக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, அது வறட்சியின் அறிகுறி. சென்னையில் சட்டை நனைந்து ஒட்டும். மதுரையின் வறண்ட காற்றிலோ வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்து, சட்டை முதுகில் வெள்ளை உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். அதனால் எவ்வளவு இழந்தோம் என்பதே புலப்படுவதில்லை. கொழுப்பு கரையட்டும் என்று தடித்த ஜாக்கெட் மாட்டி நடப்பவர்கள் கரைப்பதும் தண்ணீரைத்தான்; ஒரு சொம்பு குடித்தால் எடை திரும்பிவிடும்.

சிறுநீரகக் கல் இன்னொரு கணக்கு. பாதாமிலும் பசலைக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். கறி கூடினால் கல் உருவாக மேலும் வாய்ப்பு. சிறுநீரும் சுண்டும் கோடையில் இவை மூன்றும் சேர்வது, ஏற்கெனவே கல் வந்தவருக்கு நல்லதல்ல.

என் தீர்ப்பு இது: முறையில் நன்மை உண்டு, தொடங்கும் மாதம் தவறு. வெயிலுக்கு உடம்பு பழகவே ஒன்றிரண்டு வாரம் வேண்டும். மாவுச்சத்து இல்லாமல் பழகவும் சில வாரம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சுமத்துவானேன்? ஐப்பசி மழையில் ஆரம்பித்தால் பங்குனிக்குள் உடம்பு இளைத்தும் இருக்கும், பழகியும் இருக்கும். மூட்டை தூக்குபவர்கள், சித்தாள்கள், நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுபவர்கள் கோடையில் கூழை விடவே வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், எந்த மாதமானாலும், சோற்றைக் குறைக்கும் முன் மாத்திரை அட்டையோடு போய் மருத்துவரைப் பாருங்கள்.