கேட்டதும், கேட்டதாக நினைத்ததும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்காக நிற்கும்போது கண்டக்டர் கூவுவதைக் கவனித்திருக்கிறேன். எந்த ஊர்ப்பெயரும் அவர் வாயிலிருந்து முழுசாக வருவதில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காய்ச் சத்தம், ஹார்ன், சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை கொண்டுபோகிறவர்களின் அதட்டல் எல்லாம் அதன்மேல் விழும். ஆனாலும் ஊர்க்காரர்களுக்குத் தம்பானூர், ஸ்டாச்சு, பாளையம், பட்டம் என்று வரிசை தப்பாமல் கேட்டுவிடும். நாகர்கோவிலிலிருந்து முதல் தடவை வந்த என் சித்தப்பாவுக்கு அதில் ஒரு பெயரும் பிடிபடவில்லை. அவர் காது நல்ல காது. அடுத்து எந்த ஊர் வரும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இணையத்தில் புதிர் அவிழ்ப்பவர்கள் ஒரு சிதைந்த சீன ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் மல்லாடுவதைப் பார்க்கும்போது சித்தப்பாதான் நினைவுக்கு வருகிறார். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

இந்த ஆர்வலர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுடைய உழைப்பு பெரியது. ஒருவர் இரைச்சலை வடிகட்டுவார், இன்னொருவர் ஒலியைப் படமாக விரித்துப் பார்ப்பார், மூன்றாமவர் பின்னணியில் கேட்கும் மணி எந்த இயந்திரத்துடையது என்று தேடுவார். தைவானிலிருந்து சிற்றலையில் ஒரு பெண்குரல் சீனமொழியில் எண்களை வாசிக்கும் ஒலிபரப்பு பல ஆண்டுகளாக வருகிறது. அதற்கு 'வி 13' என்று பெயர் வைத்து, எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் வருகிறது என்றெல்லாம் குறித்துவைத்தவர்கள் சம்பளம் வாங்காத இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்தான். அந்த எண்களுக்குப் பொருள் என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசியத் திறவுகோலால் பூட்டப்பட்ட செய்தியை அந்தத் திறவுகோல் இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. பொருள் தெரியாமலேயே ஒரு குரலைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று காட்டியதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

வழுக்கல், பொருள் சொல்லத் தொடங்கும்போதுதான்.

1970-ல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஒரு சோதனை செய்தார். பதிவான ஒரு சொல்லில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்குச் சொல் முழுசாகவே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. ஓட்டையை மூளை தானே அடைத்துவிடுகிறது. அடைப்பதற்கான பொருளை நமக்குத் தெரிந்ததிலிருந்து எடுக்கிறது. யாராவது எழுதிக் கொடுத்தால் அதிலிருந்தும் எடுக்கும். இதற்குத் தமிழர்கள் வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். பிரபுதேவா ஆடிய 'கல்லூரி வானில்' பாட்டுக்கு 2007-ல் ஓர் அமெரிக்கர் தன் காதில் விழுந்த ஆங்கிலத்தை வரியாக ஒட்டி இணையத்தில் போட, அது 'பென்னி லாவா' என்ற பெயரில் உலகம் சுற்றியது. தமிழ் தெரிந்த நானே அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் ஆங்கிலம்தான் கேட்கிறது. கண்ணை மூடினால் தமிழ் திரும்பி வருகிறது. புதிர்க்குழுவில் முதலில் ஒருவர் "'உதவி' என்று கேட்கிறது" என எழுதிவிட்டால், அதற்குப் பிறகு நூறு பேர் கேட்பது ஒலிப்பதிவை அல்ல, அந்த ஒருவரை.

சீனம் என்றால் ஆபத்து இன்னும் கூடுகிறது. மாண்டரினில் சுரம் மாறினால் சொல்லே மாறும். 'மா' என்பது அம்மாவாகவும் குதிரையாகவும் இருக்கும். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்பது புதிர்க்காரர்களின் முதல் பழக்கம். அப்படிச் செய்தால் ஏறும் சுரம் இறங்கும் சுரமாகிவிடும், மிஞ்சுவது வேறு சொல். அது மாண்டரினா, காண்டனீசா, ஹொக்கியனா என்று முடிவு செய்யாமலேயே செல்போன் செயலியில் போடுகிறவர்களும் உண்டு. சீன ராணுவத்திலும் விமானத் தொடர்பிலும் ஒன்றை 'யீ' என்று சொல்லமாட்டார்கள்; ஏழுக்கான 'ச்சீ'யோடு குழம்பும் என்பதால் 'யாவ்' என்பார்கள். ஏழு 'குவாய்', ஒன்பது 'கோவ்', பூச்சியம் 'தோங்'. அகராதியைப் பிரித்தால் குவாய் கைத்தடி, கோவ் கொக்கி, தோங் குகை. ஏதோ ஒரு தொலைபேசி எண்ணிலிருந்து குகையும் கைத்தடியும் கொண்ட புதையல் கதையைக் கட்ட இது போதாதா?

புதையல் கதைக்கு எங்கள் கோட்டைக்குள்ளேயே சான்று இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் 'பி' நிலவறை மந்திர ஒலிக்கு மட்டுமே திறக்கும் என்று இணையத்தில் இன்றும் எழுதுகிறார்கள். 1990-லிருந்து அது ஏழு முறையாவது திறக்கப்பட்டிருக்கிறது என்று முன்னாள் தலைமைத் தணிக்கையாளர் வினோத் ராயின் அறிக்கை சொன்னது. அறிக்கையைத் தேடிப் படித்தவர்கள் குறைவு. கதையைப் பகிர்ந்தவர்கள் அதிகம்.

உண்மை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கிறது. 2018 வாக்கில் அமெரிக்காவில் ஏராளமானவர்களின் வாய்ஸ்மெயிலில் புரியாத மாண்டரின் குரல் பதிவானது. அது உளவும் இல்லை, அபாய அழைப்பும் இல்லை. சீனத் தூதரகத்திலிருந்து பேசுவதாகவும், உங்கள் பெயரில் பிரச்சினை இருப்பதாகவும் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி. நம் ஊரில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறார்களே, அதன் உறவுதான். மாண்டரின் பேசும் ஒருவரிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். புதிர்க்குழுக்கள் அந்த ஒருவரைக் கடைசியில் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விடை சீக்கிரம் கிடைத்துவிடக்கூடாது என்ற ஆசை அதில் இருக்கிறது. தனிப்பட்ட ஒருவரின் குரல் பொதுவெளியில் அலசப்படுகிறதே என்ற தயக்கமும் அங்கே காணக் கிடைக்காது.

கேட்டதை மட்டும் எழுதும் பயிற்சி எனக்குச் சிற்றலையில் கிடைத்தது. 1963-லிருந்து ஒலித்த சீன வானொலியின் தமிழ்ப் பிரிவை, சாலைக் கடைத்தெருவின் பின்சந்து வீட்டில் மாலைகளில் கேட்பேன். கலைமகள், வாணி என்று தமிழ்ப்பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள் பேசும் தமிழ், அலை மங்கும்போது உருகிக் கரையும். பக்கத்து அலைவரிசைகளில் சீனத்தின் பேரிகை இசை மணிக்கணக்கில் முழங்கும்; வெளிநாட்டுச் சீன ஒலிபரப்புகளை அமுக்குவதற்காக அனுப்பப்படும் இசை அது. கேட்டதை 'சின்போ' முறையில் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்டு நிலையத்துக்கு எழுதுவோம். சிக்னல், குறுக்கீடு, இரைச்சல் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். நேயர் மன்றத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் என் முதல் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "தம்பி, இந்த வாக்கியம் கேட்டியா, இல்ல இருக்கும்னு நெனச்சியா?" என்றார். நினைத்ததுதான். அடித்துவிட்டு அந்த இடத்தில் நேரத்தைப் போடச் சொன்னார்.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அடித்த வரிக்கு மேலே என் கையெழுத்தில்: "7.42 முதல் 7.44 வரை பெண்குரல். சொற்கள் விளங்கவில்லை."