கோழிக்கு என்ன வேலை?

ஒரு கோழியும் ஒரு பன்றியும் ரோட்டில் பேசிக்கொண்டே நடந்து போகின்றன. 'நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஹோட்டல் போடலாமா?' என்கிறது கோழி. 'போடலாமே. என்ன பேர் வைக்கலாம்?' 'ஹாம் அண்ட் எக்ஸ்.' பன்றி ரெண்டு நிமிஷம் யோசிக்கிறது. ஹாம் என்பது பன்றித் தொடைக் கறி. 'வேணாம்ப்பா. நீ முட்டையைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பே. எனக்குத்தான் உசிரு போகும்' என்று கழன்றுகொள்கிறது.

அவ்வளவுதான் ஜோக். சுமார் ரகம். ஆனால் இந்த ஜோக்கை வைத்துக்கொண்டு ஒரு தொழிலே பல வருஷம் நிர்வாகம் நடத்தியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? உங்கள் வீட்டிலோ எதிர் ஃப்ளாட்டிலோ சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிற பிள்ளை இருந்தால் 'ஸ்க்ரம்' என்று சொல்லிப் பாருங்கள். பெருமூச்சு விடும்.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமென்றால் என்னென்ன தேவை என்று மொத்தத்தையும் எழுதி, கையெழுத்து வாங்கி, வருஷக்கணக்கில் கட்டி, கடைசியில் திரையை விலக்கிக் காட்டுவார்கள். 'நான் கேட்டது இது இல்லையே' என்பார் வாங்குகிறவர். அதற்கு மாற்றாக வந்தது அஜைல். ரெண்டு வாரம், மூணு வாரம் என்று சின்னத் தவணைகளில் கட்டு, காட்டு, திருத்து. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்கிற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி இதற்கு ஒரு பிரகடனமே எழுதினார்கள். கடைசி நேரத்தில் மாற்றம் கேட்டாலும் வரவேற்போம், வியாபாரத் தரப்பும் புரோகிராமர்களும் தினமும் சேர்ந்து வேலை பார்ப்போம் என்றெல்லாம் அதில் பெரிய மனசோடு சொல்லியிருக்கிறது.

அஜைல் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஸ்க்ரம். அதன் தந்தையரில் ஒருவரான கென் ஷ்வேபர் 2004-ல் எழுதிய புத்தகத்தில் நம் கோழியும் பன்றியும் வருகின்றன. உட்கார்ந்து வேலை செய்கிற அணி, பன்றி. மற்ற எல்லாரும், அதாவது பணம் போடுகிற டைரக்டர், நாளைக்கு அந்த சாஃப்ட்வேரை உபயோகிக்கப் போகிற கிளார்க், சட்டம் பார்க்கிற வக்கீல் எல்லாரும் கோழி. தினசரி 15 நிமிஷக் கூட்டத்துக்குக் கோழிகள் வரலாம். ஓரமாக நிற்கலாம். வாய் திறக்கக் கூடாது.

ஒரு கையில் பத்திரிகை வைத்துக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, மறு கையால் பந்தி வாசலில் மறிப்பது மாதிரி இல்லை?

சும்மா சொல்லக் கூடாது, இந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் அந்த 15 நிமிஷத்தில் நுழைந்து 'ஏன் லேட்?' என்று கேட்டால் போதும், அப்புறம் எல்லாரும் சக ஊழியரோடு பேசுவதை விட்டுவிட்டு அவருக்குப் பதில் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்தக் கல்யாணத்திலும் முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்கி, 'நாதஸ்வரம் இவரா? அவரைச் சொல்லலியா?' என்று கேட்கிற பெரியப்பா ஒருவர் இருப்பார். அவரைச் சமையல்கட்டுப் பக்கம் விடாமலிருப்பது புண்ணிய காரியம். புரோகிராமர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை கதையோடு. முதலில், எந்த புரோகிராமரும் சாவதில்லை. ப்ராஜெக்ட் ஊத்திக்கொண்டாலும் பெரும்பாலும் அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விடுவார். அந்த சாஃப்ட்வேரோடு பத்து வருஷம் மல்லுக்கட்டப் போவது கிளார்க். அப்படியானால் யார் பன்றி, யார் கோழி? இன்னொன்று, ஹோட்டல் என்கிறார்கள், பேர் வைக்கிறார்கள், கறி என்கிறார்கள், முட்டை என்கிறார்கள். சாப்பிட வருகிறவர் கதையிலேயே இல்லை. கவனித்தீர்களா?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற ஒரு பையனை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் சரக்குக் கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அவன் அணி சாஃப்ட்வேர் எழுதியது. நம் நேரம் ராத்திரி எட்டரைக்கு டெமோ. ஒவ்வொரு டெமோவிலும் கிடங்கு மேனேஜர் ஒருவர் குறுக்கே விழுவார். 'பிரின்ட் பட்டன் எங்கே?' காகிதமே இல்லாத அலுவலகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிரின்ட் பட்டன்! பத்து தடவை வாய் திறந்தால் ஏழு தடவை எழுத்து சின்னதாக இருக்கிறது, கலர் சரியில்லை என்று வெட்டிப் பேச்சு. கோபம் வேறு. பையன்கள் அவருக்கு 'பிரின்ட்டர் தாத்தா' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஐந்தாவது டெமோவிலிருந்து அழைப்புப் பட்டியலில் அவர் பேர் இல்லை. முறைப்படிதான். ஸ்க்ரம் விதிப்படி வாடிக்கையாளர் சார்பில் முன்னுரிமை சொல்ல ஒரே ஒருவர்தான், 'ப்ராடக்ட் ஓனர்'. அவருக்கு பிரின்ட் பட்டன் தேவைப்படவில்லை.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த முதல் திங்கட்கிழமை, கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சரக்கோடு வெளியே போகிற டிரைவர் கையில் காகிதம் இருந்தால்தான் செக்யூரிட்டி கேட்டைத் திறப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. 'மூணு சனி ஞாயிறு போச்சு அங்கிள்' என்றான் பையன். 'அந்த ஆள் கத்தாம, கேட்ல பேப்பர் கேப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?' சொல்லியிருக்கலாம்தான். நீங்களும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி?

இந்த மாதிரி ஆட்களை எப்படி 'ஹேண்டில்' பண்ணுவது என்று பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. நாலு கட்டம் போட்ட படம் ஒன்று காட்டுவார்கள். அதிகாரம் எவ்வளவு, ஆர்வம் எவ்வளவு என்று பார்த்து ஆளைக் கட்டத்தில் போட வேண்டும். அதிகாரம் அதிகம், ஆர்வமும் அதிகம் என்றால் கூடவே இரு. அதிகாரம் இல்லை, ஆர்வம் மட்டும் அதிகம் என்றால் தகவல் சொல்லி வை, போதும். தாத்தா இந்தக் கட்டத்தில்தான் வருவார். அவருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? அதற்கு அந்தப் படத்தில் கட்டமே கிடையாது!

சரி, தாத்தாவுக்காவது அதிகாரம் இல்லை. அதிகாரம் இருக்கிற கோழி வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அஜைல் பிறப்பதற்கு முன்பே ஒரு பாடம் நடந்துவிட்டது. அமெரிக்க கார் கம்பெனி கிரைஸ்லர், தன் 87,000 ஊழியர்களின் சம்பளப் பட்டுவாடாவுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தது. சுருக்கமாக சி3. 1996-ல் கென்ட் பெக் என்பவர் உள்ளே வந்து வேலைமுறையைத் தலைகீழாக மாற்றினார். 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' என்று பின்னால் பேர் வாங்கியது அதுதான். அதன் முக்கிய விதி, வாங்குகிற தரப்பு ஆள் ஒருவர் அணியோடு ஒரே அறையில் உட்கார வேண்டும். சந்தேகமா? திரும்பிக் கேள். ஓரமாக நிற்கச் சொல்கிற விதிக்கு நேர் எதிர். அருமையான ஏற்பாடு. 1997-ல் சுமார் 10,000 பேருக்கு அந்த சாஃப்ட்வேர் சம்பளம் போட ஆரம்பித்தது.

ஆனால் கேட்கிற கேள்வி அத்தனைக்கும் ஒரே ஆள் பதில் சொல்வது லேசான காரியமா? அந்த இடத்தில் இருந்தவர் விலகினார். வேறொருவர் வந்தார். அதற்குள் மேலே காட்சி மாறியது. 1998-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கிரைஸ்லரோடு இணைந்தது. 1999 அக்டோபரில் பெக்கின் புத்தகம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. 2000 பிப்ரவரியில் சி3-ஐ நிறுத்திவிட்டார்கள். மீதி ஊழியர்களுக்கு அது சம்பளம் போடவே இல்லை.

அங்கே இருந்தவர்களே பிறகு காரணத்தை வேடிக்கையாகப் பேர் வைத்துச் சொன்னார்கள். அறைக்குள் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று சொல்கிறவர் 'கோல் டோனர்', இலக்கு கொடுப்பவர். கஜானா சாவி வைத்திருப்பவர் 'கோல்ட் ஓனர்'. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கேட்கவில்லை. உள்ளே இருந்தவரை அணி திருப்திப்படுத்திக்கொண்டே இருந்தது. வெளியே இருந்தவருக்குத் திருப்தி இல்லை. அவர் எந்தக் கூட்டத்திலும் குறுக்கே விழவில்லை, கத்தவில்லை. ஒரு நாள் நிறுத்திவிட்டார். பிரின்ட்டர் தாத்தா எவ்வளவோ தேவலை என்று தோன்றவில்லையா?

எல்லாத் தொந்தரவுக்காரர்களும் மனசுக்குள் உண்மையை ஒளித்து வைத்திருக்கிற மகான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த சாஃப்ட்வேர் வந்தால் தன் டிபார்ட்மென்டே காலி என்று தெரிந்து குழி பறிக்கிறவர்கள் உண்டு. தினசரிக் கூட்டம், கலர் கலர் ஸ்டிக்கர் ஒட்டின பலகை எதுவும் அவர்களிடம் செல்லாது. அவர்களுக்கும் மேலே உள்ள ஒருவர் நம் பக்கம் நின்றால்தான் வேலை நடக்கும். ஸ்க்ரம் புத்தகங்கள் இந்த அரசியலை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கோழியைப் பேசாதே என்று சொல்வது சுலபம். சம்பளம் கொடுக்கிற கோழியை யார் சொல்வது?

அமெரிக்க உளவுத் துறை எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் பார்த்து, 800 பக்கத்துக்கு மேல் தேவைப் பட்டியல் எழுதி, 17 கோடி டாலர் செலவழித்து, 2005-ல் கைவிட்டது. அடுத்து வந்தது 'சென்டினல்'. அதுவும் இழுத்தடித்தபோது, 2010-ல் வேலையைத் தானே கையிலெடுத்து அஜைலுக்கு மாறினார்கள். 2011 அக்டோபரில், எழுநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சிஸ்டம் இரண்டு முறை படுத்துவிட்டது. மானம் போனதுதான். ஆனால் மிஷின்களுக்குத் தெம்பு போதவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. புது மிஷின் போட்டு, 2012 ஜூலையில் சென்டினல் நாடு முழுக்க ஓட ஆரம்பித்தது. நிஜ வழக்கு நடுவே படுத்திருந்தால்?

கோழி, பன்றி இரண்டையும் ஸ்க்ரமின் அதிகாரபூர்வக் கையேட்டிலிருந்து 2011-லேயே எடுத்துவிட்டார்கள். ஒரே ப்ராடக்ட் ஓனர் என்கிற விதி இன்னும் இருக்கிறது. 'யாரைக் கேட்டு அவர் முடிவெடுக்க வேண்டும்' என்பதை அவர் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் அந்தப் பையனைப் பார்த்தேன். தாத்தா திரும்ப டெமோவுக்கு வருகிறாராம். அதற்கு முன்னால் அவரோடு தனியாக அரை மணி நேரம் போனில் பேசிவிடுகிறார்களாம். 'இப்பல்லாம் கத்தறதில்லையா?' என்றேன்.

'கத்தறார் அங்கிள். எழுத்து இன்னும் சின்னதா இருக்காம்.'